உண்டியல் சாவி யாரிடம்?

அமெரிக்காவின் பழமைக் கட்சியாகிய ரிப்பப்ளிகன் கட்சியில், 2016-ம் வருஷத்து ஜனாதிபதி தேர்தலுக்கு அபேட்சகராக வர பிரபலஸ்தர்கள் 17 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் டிரம்ப், டாக்டர் கார்சன், பியோரினா அம்மையார் ஆகிய மூவரும் அதற்குமுன் எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள். செனட்டர் குரூஸோ தன் கட்சித் தலைவர்களையே வைது பேர் வாங்கியவர். தகப்பனும் தமையனும் ஜனாதிபதியாயிருந்த பெருமையோடும், தமக்காகத் திரட்டப்பட்ட 10 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தோடும் வந்த ஜெப் புஷ், பிப்ரவரியிலேயே விலகிக்கொண்டார்.

பரம்பரைக்குத் தலைவணங்க மறுத்த ஓட்டர்களை நாம் குறைகூற மாட்டோம். அவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அதை யாரிடம் ஒப்படைத்தார்கள்? கோடீசுவரர் வீட்டுப் பிள்ளையாகிய டிரம்பிடம்! அர்ச்சகன்மேலுள்ள கோபத்தில் தர்மகர்த்தாவிடம் உண்டியல் சாவியைக் கொடுத்தது போன்றதல்லவா இது?

டிரம்ப் 2017 டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டம், கம்பெனி வரியை நூற்றுக்கு 35-லிருந்து 21-ஆகக் குறைத்தது. தனி நபர்களுக்குக் கொடுத்த வரிக் குறைப்பில் பெரும்பாலானவற்றுக்கு அச்சட்டம் தவணை வைத்தது. கம்பெனிகளுக்குக் கொடுத்ததற்கோ தவணையே இல்லை. இதுதானா மேல்தட்டாருக்கு விரோதமான ஆட்சி?

ஆகவே தோழர்களே, ஒருவன் யாரை வைகிறான் என்று பாராதீர்கள். அவன் செய்கையால் யார் பெட்டி நிறைகிறது என்று பாருங்கள்.