உப்பு மின்னைக் கடத்துமா? பாதி விடை போதாது

மாணவர்களே,

"அயன் சேர்வைகள் மின்னைக் கடத்தும்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறவர்கள் உங்களுள் பலர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இவ்வாக்கியம் போதாது என்பதே எனது கருத்து. நான் கலைப் பட்டதாரி. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது அதில் விடுபட்ட நிபந்தனையே முதலில் என் கண்ணிற்படும். எந்த நிலையில் கடத்தும்? இதைச் சொல்லாத விடை பாதி விடையே.

மின்னோட்டம் என்பது ஏற்றங்களின் அசைவாகும். ஆகவே ஏற்றமுள்ள துணிக்கைகள் இருந்தால் மட்டும் போதாது. அவை அசையவும் வேண்டும். உப்புப் பளிங்கில் சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் நிறைய உண்டு. ஆனால் வலிய கவர்ச்சி விசையால் அவை சாலகத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. எனவே திண்ம உப்பு மின்னைக் கடத்தாது. நீரில் கரைந்தால், அல்லது ஏறத்தாழ 801 °C இல் உருகினால், அயன்கள் அசையும்; அப்போது கடத்தும். சீனியும் நீரில் கரைகிறது. ஆனால் அது பங்கீட்டு வலுச் சேர்வை. கரைசலில் மூலக்கூறுகளாகவே இருப்பதால் கடத்தாது.

அதற்காக, "பங்கீட்டு வலுப் பிணைப்பு என்றால் கடத்தாது" என்று மனனம் செய்யாதீர்கள். ஐதரசன் குளோரைட்டு பங்கீட்டு வலுச் சேர்வையே. எனினும் நீரில் கரைந்ததும் அயன்களைத் தருவதால் அக்கரைசல் கடத்தும். மூலகமான காபனையும் பாருங்கள். வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவின் நான்கு வலுவளவு இலத்திரன்களும் பிணைப்பில் ஈடுபட்டுள்ளன, கடத்தாது. பென்சிலிலுள்ள காரீயத்தில் மூன்று மட்டுமே ஈடுபட்டுள்ளன. நான்காவது இலத்திரன் அசைவதால் கடத்தும்.

இது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் விடயமன்று. எமது கிளிநொச்சி மாவட்டத்தில் 1950களில் தொடங்கப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இந்த ஓர் உண்மையின் மேல்தான் இயங்கியது. அருகிலுள்ள ஆனையிறவின் உப்பைக் கரைத்து, அக்கரைசலை மின்பகுப்புச் செய்து, குளோரீனையும் சோடியம் ஐதரொட்சைட்டையும் அங்கே பெற்றார்கள். உலர்ந்த உப்பைக் குவித்துவைத்து மின்வாய்களைச் செருகியிருந்தால் எதுவும் கிடைத்திராது. போர்க்காலத்தில் அவ்வுற்பத்தி நின்றுபோனது. அத்தகைய தொழில்களை வன்னியில் மீண்டும் நடத்துவதற்கு, அட்டவணையை ஒப்புவிப்பவர்கள் போதாது. காரணம் கேட்டுப் படித்தவர்களே வேண்டும்.

ஆகவே விடை எழுதுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஏற்றமுள்ள துணிக்கை எது? அந்நிலையில் அது அசையுமா? இவ்விரண்டுக்கும் பதில் எழுதினால் விடை முழுமையாகும்.