கழித்த கணினி லயத்துக்கு வரட்டும்!

2025 ஒக்டோபர் 14ஆம் நாள், ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திற்று. புதிய பதிப்பை ஏற்கவியலாத கணினிகள், நன்றாக இயங்கிய போதிலும், ‘பழையவை’ ஆயின. அவை அலுவலகக் களஞ்சியங்களில் தூசி படிவதா? ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயத்துப் பிள்ளைகள் கணினியின்றித் தவிப்பதா? 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்குச் சென்றபோது, கருவியற்ற தோட்டப் பிள்ளைகள் பின்தங்கியதை மறந்தோமா?

வழி உண்டு. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணமில்லை, பழைய கணினியிலும் இயங்கும், தமிழிலும் பணிபுரியும். கேரளத்து அரசுப் பாடசாலைகள் பல்லாண்டுகளாக அதைக்கொண்டே கணினி கற்பிக்கின்றன. கொழு தேய்ந்தால் உழவன் கலப்பையை எறிவதில்லை, கொழுவை மாற்றுகிறான். கணினியும் அவ்வாறே: நினைவகத்தைக் கூட்டி, வட்டை மாற்றினால் மீண்டும் உழைக்கும்.

ஆனால், மலையகம் குப்பைமேடன்று! கொடுப்போர் இயங்குவதையே தருக. தம் தரவுகளை முற்றாக அழித்துத் தருக. பெறும் மன்றங்கள், தோட்டத்துக்கு இருவரையேனும் பழுதுபார்க்கப் பயிற்றுக. பழுதுபார்க்கும் கை உள்ளூரில் இல்லையேல், வந்த கணினி விரைவிலேயே மூலையில் முடங்கும்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பதவி வகிக்கும் தமிழ் அன்பர்களே! கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவோரின் பிள்ளைகள் கேட்பது பிச்சையன்று. உங்கள் அலுவலகத்தில் உறங்கும் கருவியைத்தான்!