கயோட்டி வேட்டையும் ஒரு தோட்டாக் கணக்கும்

ஷாட்கன்னுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, கடையில் இருப்பதிலேயே பெரிய குண்டாகப் பார்த்து வாங்கிப் போட்டுச் சுட வேண்டியதுதானே என்று தோன்றலாம். அமெரிக்காவில் கயோட்டி வேட்டைக்குக் கிளம்பும் புதியவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தப்பு என்பதைக் காட்டப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரமே போதும்.

முதலில் கயோட்டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைக்கக்கூடிய ஒரு பிராணி. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடை இருக்கும். அடர்ந்த ரோமத்தால் பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் உடம்பு ஒல்லியானது. பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைவனங்களிலும் மட்டும் இருந்தது. மனிதர்கள் ஓநாய்களை ஒழித்துக்கட்டியதும், காலியான இடத்தை நிரப்பிக்கொண்டு 20ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கரை வரை பரவிவிட்டது. இன்று ஹவாய் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. ஆட்டுக்குட்டியையும் கன்றையும் தூக்குவதால் பண்ணைக்காரர்களுக்கு ஜென்மப் பகை. பல மாநிலங்களில் வருடம் முழுக்க வேட்டையாட அனுமதி உண்டு.

வேட்டை நடக்கும் விதமும் வேடிக்கையானது. வேட்டைக்காரர் கயோட்டியைத் தேடிப் போவதில்லை. புதரில் மறைந்து உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவது போல ஒரு ஊதலில் சத்தம் எழுப்புகிறார். சுலபமான சாப்பாடு கிடைக்கும் என்று கயோட்டி தானாகவே வருகிறது. திறந்த வெளியில் 200 கெஜத்தில் நின்றால் ரைஃபிள் போதும். ஆனால் அடர்ந்த புதர்க்காட்டில் 20 கெஜத்தில் திடீரென்று முளைக்கும், ஓடிக்கொண்டும் இருக்கும். தொலைநோக்கியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போய்விடும். அந்த இடத்தில்தான் ஷாட்கன் உதவுகிறது. ஒரே தோட்டாவிலிருந்து பல குண்டுகள் கூட்டமாகப் போவதால் குறி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை என்பது நம்பிக்கை. இந்த "பரவாயில்லை" என்ற வார்த்தையில்தான் வம்பே இருக்கிறது.

12 கேஜ் துப்பாக்கிக்குக் கிடைக்கும் தோட்டாக்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது "டபுள் ஆட் பக்". ஒவ்வொரு குண்டும் 0.33 அங்குல விட்டம். சாதாரண இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவில் 9 குண்டுகள் இருக்கும். இரண்டாவது "நம்பர் 4 பக்". 0.24 அங்குல விட்டம். அதே நீளத் தோட்டாவில் 27 குண்டுகள், மூன்று அங்குல மேக்னம் தோட்டாவில் 41 குண்டுகள். மூன்றாவது "பிபி". 0.18 அங்குல விட்டம். ஈயத்தில் ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 50 குண்டுகள் என்பதால், ஒன்றரை அவுன்ஸ் தோட்டாவில் 75 வரும்.

இப்போது கணக்கு. குழாயின் முனையில் இருக்கும் குறுகலுக்கு "சோக்" என்று பெயர். குண்டுகள் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீதம் குண்டுகளைப் போடுவது "ஃபுல் சோக்" என்பது பழைய அளவுகோல். 30 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 707 சதுர அங்குலம். கயோட்டியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை 8 அங்குல வட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 50 சதுர அங்குலம். அதாவது பதினான்கில் ஒரு பங்கு.

டபுள் ஆட் தோட்டாவின் 9 குண்டுகளில் 70 சதவீதம் என்றால் 6. அதில் பதினான்கில் ஒரு பங்கு என்றால் அரைக் குண்டுகூட இல்லை! நம்பர் 4 பக் மேக்னம் தோட்டாவில் இரண்டு குண்டுகள். பிபியில் கிட்டத்தட்ட நான்கு. இதே பரவல் 25 கெஜத்தில் சுமார் 19 அங்குல வட்டமாகச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால் டபுள் ஆட்டுக்கு ஒன்றை ஒட்டியும், நம்பர் 4 பக்குக்குத் தோட்டாவைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வரையும், பிபிக்கு ஒன்பதும் வருகிறது.

குண்டுகள் சீராகப் பரவுவதில்லை, நடுவில் கொஞ்சம் அடர்த்தியாகவே விழும், ஆகவே உண்மை நிலவரம் இதைவிடச் சற்று மேலாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் மூன்றுக்கும் அதே விதிதான். ஒப்பீடு மாறாது.

டபுள் ஆட் ஆதரவாளர்களின் பதில் தெரிந்ததுதான். "ஒரு குண்டு பட்டாலும் போதும், அவ்வளவு பலம்" என்பார்கள். அந்தக் குண்டு நம்பர் 4 பக் குண்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் எடை உள்ளது என்பது உண்மை. ஆனால் பக்ஷாட் என்ற பெயரே ஆண் மானிலிருந்து வந்தது. மான் அளவு உடம்புக்கு யோசிக்கப்பட்ட குண்டு அது. 15 கிலோ மிருகத்துக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. தேவைப்படுவது சரியான இடத்தில் இரண்டு மூன்று குண்டுகள் படுவது. படாத குண்டு எவ்வளவு பலமாக இருந்தால் என்ன?

அப்படியானால் குண்டு அதிகம் உள்ள பிபியே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. சிறிய குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஒரு பிபி ஈயக் குண்டின் எடை நம்பர் 4 பக் குண்டில் பாதிகூட இல்லை. 20, 25 கெஜத்துக்குள் பிபி நன்றாகவே வேலை செய்யும். தூரம் கூடக் கூட, ரோமத்தையும் தோள் எலும்பையும் தாண்டி உள்ளே போகுமா என்பது சந்தேகம்தான். வாத்துக்கும் காடைக்கும் சுடும் இன்னும் சிறிய குண்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை கயோட்டியைக் கொல்வதைவிடக் காயப்படுத்தவே அதிகம் பயன்படும்.

ஆக, நடுவில் இருக்கும் நம்பர் 4 பக்தான் பெரும்பாலானவர்களுக்கு நியாயமான தேர்வு. நெருக்கமான புதரில் மட்டும் உட்காருபவருக்குப் பிபி. 0.20 அங்குல "டி" குண்டு இரண்டுக்கும் இடையில் வரும். டபுள் ஆட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

ஈயம்தானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு 1991லேயே தடை செய்யப்பட்டது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 2013ல் சட்டம் இயற்றி 2019 ஜூலை 1 முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்தது. கயோட்டிக்கும் சேர்த்துத்தான். காரணம் எளிது. சுட்டுப் போட்ட கயோட்டியைப் பெரும்பாலும் யாரும் சாப்பிடுவதில்லை, தோலை உரித்துவிட்டு உடலை அங்கேயே விட்டுவிடுவார்கள். அதைத் தின்னும் கழுகுகளும் காண்டோர்களும் உடலுக்குள் இருக்கும் ஈயத்தையும் சேர்த்து விழுங்குகின்றன. அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டு வரும் கலிபோர்னியா காண்டோருக்கு ஈய விஷம் ஒரு முக்கிய எமன்.

ஈயத்துக்கு மாற்றாக இரும்புக் குண்டு மலிவு. ஆனால் அதன் அடர்த்தி ஈயத்தின் 11.3க்கு எதிராக 7.8தான். எனவே இரும்பு என்றால் இரண்டு அளவு பெரிய குண்டாக எடு என்பது வேட்டைக்காரர்களின் வழக்கு. டங்ஸ்டன் கலவைக் குண்டுகள் ஈயத்தைவிட அடர்த்தியானவை, ஆகையால் சிறிய குண்டே ஆழமாகப் போகும். விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். ஆனால் ஒரு வேட்டைக்காரர் ஒரு நாளில் எத்தனை தோட்டா சுடப்போகிறார்? இரண்டோ மூன்றோ. பெட்ரோலுக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

இவ்வளவு கணக்குப் போட்டும், ஒரு வேலையைச் செய்யாவிட்டால் எல்லாம் வீண். ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு மாதிரிப் பரவும். பெரிய குண்டுகளை ரொம்பக் குறுகலான சோக் வழியாகத் தள்ளினால் அவை நசுங்கி, கூட்டம் இறுகுவதற்குப் பதிலாகச் சிதறிப் போகவும் செய்யும். அதனால் பெரிய காகிதத்தை நிறுத்தி, 20, 30, 40 கெஜத்தில் சுட்டு, 8 அங்குல வட்டம் வரைந்து ஓட்டைகளை எண்ண வேண்டும். எந்தத் தூரத்தில் எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போகிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கியின் எல்லை. தோட்டா அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அரை நாள் வேலை, சில தோட்டாக்கள் செலவு. இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்தான் 60 கெஜத்தில் ஓடும் கயோட்டி மேல் "பட்டால் படட்டும்" என்று சுடுகிறவர்.

பட்டால் என்ன ஆகும்? ஒரு குண்டு வயிற்றிலோ தொடையிலோ பட்ட கயோட்டி அங்கேயே விழுவதில்லை. புதருக்குள் ஓடி மறைந்துவிடும். அங்கே சாவதற்கு அதற்கு மணிக்கணக்கும் ஆகலாம், நாள்கணக்கும் ஆகலாம். சுட்டவர் "தப்பிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார். அவருக்கு அது தவறிய ஒரு வேட்டு, அவ்வளவுதான்.

"ஆட்டுக்குட்டியைக் கிழித்துப் போடும் பிராணிக்கு என்ன இரக்கம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பண்ணைக்காரரின் நஷ்டமும் கோபமும் உண்மையானவை, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கயோட்டி பசிக்குத் தின்கிறது. அதற்குத் தோட்டா தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது, மனிதனுக்கு உண்டு. வேட்டையே கூடாது என்பது தனி விவாதம். வேட்டையாடுவது என்று முடிவு செய்த பிறகு, சீக்கிரம் சாகடிப்பது என்பது குறைந்தபட்சக் கடமை. கயோட்டிகளைக் கொன்று பரிசு வாங்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014லும் வெர்மான்ட் 2018லும் தடை செய்தன. பொது மக்களுக்கு இந்த வேட்டை மேல் இருக்கும் வெறுப்புக்கு எண்ணிக்கைக்காகக் கண்டபடி சுடுகிறவர்களும் ஒரு காரணம் என்பதை மற்ற வேட்டைக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இது மனிதர்களைப் பற்றியது. ஷாட்கன் குண்டு கொஞ்ச தூரம்தான் போகும் என்ற அசட்டு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. உருண்டை ஈயக் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால், அது அதிகபட்சமாகப் போகக்கூடிய தூரம் கெஜத்தில் கிடைக்கும் என்று ஒரு பழைய விதி உண்டு. அதன்படி டபுள் ஆட் 700 கெஜத்துக்கு மேல், நம்பர் 4 பக் 500 கெஜத்துக்கு மேல், பிபி சுமார் 400 கெஜம். கயோட்டி இப்போது புறநகர் வீடுகளின் கொல்லை வரை வந்துவிட்டது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையை அழுத்தக் கூடாது. பெரிய குண்டை விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் எல்லாம் ஒரு காகிதத்தில் விழுந்த ஓட்டைகளில் வந்து நிற்கிறது. அதை எண்ணிப் பார்த்தவருக்குத் தன் தோட்டாவும் தெரியும், தன் எல்லையும் தெரியும். எல்லைக்கு வெளியே கயோட்டி நின்றால் அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு இன்னொரு முறை ஊதிப் பார்ப்பார். வந்தால் சுடலாம். வராவிட்டால் போகட்டும், நாளைக்கும் கயோட்டி இருக்கும்.