நடையும் வாக்கிங்கும்

பண்ணை வீதியிலும் ஊர்காவற்றுறையிலும் மாலை வேளையிற் காலாற நடப்போரை "எங்கே?" என வினவினால், "வாக்கிங்" என்பதே விடையாக வருகின்றது. கதிரையிலிருந்து எழுந்து அலுமாரியைத் திறக்கும் நாம் பிறமொழிச் சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவ்விரண்டும் போர்த்துக்கேயர் தந்தவை. எனினும், அவை புதிய பொருள்களோடு வந்த பெயர்கள். வாக்கிங்கோ, 'உலாத்துதல்' என்று நம்மவர் வழங்கிவந்த நல்ல சொல் இருந்த இடத்திற் குடிபுகுந்திருக்கின்றது. அதனினும் பெரிய கேடு, 'வாக்' என்றால் நடை, நடை என்றால் 'வாக்' என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கியமையே.

ஆங்கிலத்தில் அச்சொல் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவாய் நிற்கும். தமிழிலோ 'நடந்தான்' தன்வினை, 'நடத்தினான்' பிறவினை. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மாணவர் 'நாயை நடத்தினான்' என்று எழுதுவர். அவன் நாயை நன்றாக நடத்தினானா, தீதாக நடத்தினானா என்ற ஐயமே அதனால் எழும். 'நாயை உலாத்தக் கொண்டுபோனான்' என்பதே தமிழ். 'வாக் ஒஃப் லைஃப்' என்பது 'வாழ்க்கையின் நடை' அன்று. அது தொழிலையும் வாழ்க்கைத் தரத்தையும் சுட்டுவது. பாராளுமன்றத்து 'வாக் அவுட்' மாத்திரம் 'வெளிநடப்பு' எனப் பொருந்திவிட்டது. அங்கே உறுப்பினர் உண்மையாகவே எழுந்து நடக்கின்றனர் அன்றோ! இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் கடையை ஓடச் செய்வர். நாமோ கடையை நடத்துவோம்.

இனி, 'நடை' என்னும் பெயரை நோக்குவோம். எழுத்தின் போக்கு உரைநடை, ஒழுக்கம் நடத்தை, வழக்கம் நடைமுறை, ஆடும் மாடும் கால்நடை. போர்த்துக்கேயர் 'பசுக்களின் தீவு' என்றழைத்த நெடுந்தீவில் அக்கடைசிச் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. நன்னீர் அரிதான தீவகத்தில் 'மூன்று நடை தண்ணீர்' என்பது ஓர் அளவை. கிணற்றுக்கும் வீட்டுக்குமாகக் குடத்தோடு மும்முறை சென்று மீண்ட பெண்ணின் உழைப்பு அதிலுண்டு. அதனை வாக்கிங் என்பார் உளரோ? வெளிநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளை குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகின்றது. "கடைக்கு ஒரு நடை போய் வா, ராசா" என்று அம்மம்மா சொன்னால் அது திகைத்து நிற்கும். அந்தத் திகைப்புக்குப் பிள்ளை பொறுப்பன்று; ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டென்று கற்பித்த நாமே பொறுப்பு.

ஆங்கிலத்தை விலக்குதல் இதற்கு மருந்தாகாது. 1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையிற் பிறந்த தனிநாயக அடிகள் பன்மொழி வல்லவர். 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர். பிறமொழிப் புலமை அவரது தமிழுக்கு உரமாயிற்றேயன்றிக் குறையாகவில்லை. இரு மொழியையும் ஆழக் கற்பதே வேண்டுவது.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'வாக்' வரும் பத்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, 'நட' என்னும் பகுதி அவற்றுள் எத்தனைக்குப் பொருந்துமென மாணவரை ஆராயச் செய்யுங்கள். பின்னர், 'நடை' வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். 'மூன்று நடை தண்ணீர்' என்பதில் அவர்கள் தடுமாறுவர். அப்போது அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் சுமந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.