பாராளுமன்றத்தில் பதினோரு மணி அடிக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம்?



2022-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி, திங்கட்கிழமை. காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போதே, கலவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வழக்கமாக வரும் சில்லரைக் கடைக்காரர் வந்து நின்றார். ஐந்து சிப்பம் அரிசி கேட்டார். பில்லைப் பார்த்தவர், "என்னங்க முதலாளி, அரிசிக்குப் போய் வரி போட்டிருக்கீங்க?" என்றார். நான் போட்டது போலவே கேட்டார். அவர் மேல் தப்பில்லை. முந்தின வாரம் வரை பிராண்டு பதியாத அரிசிக்கு வரி இல்லை. அன்றிலிருந்து, பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கான அறிவிக்கை வெளியானது ஜூலை 13-இல். இடையில் நமக்குக் கிடைத்த அவகாசம் நான்கே நாள்.

அதே ஜூலை 18-இல்தான் டில்லியில் பாராளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத் தொடரும் ஆரம்பமானது. நம் ஜனங்கள் சாப்பிடுகிற அரிசிக்கு வரி அமலான அன்றே சட்டம் செய்யும் சபையும் கூடுகிறது. ஆனால் இரண்டுக்கும் அன்று சம்பந்தமே இல்லாமல் போனது. அமளி, ஒத்திவைப்பு, மறுநாள் மீண்டும் அமளி. விலைவாசியைப் பற்றிப் பதாகை பிடித்த நான்கு உறுப்பினர்கள், அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜூலை 25-இல் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். விலைவாசி பற்றிய விவாதம் மக்களவையில் நடந்தது ஆகஸ்டு 1-ஆம் தேதி. அதற்குள் நாம் இரண்டு வாரம் வரி வசூலித்து முடித்திருந்தோம். நிதியமைச்சர் பதில் சொல்லும்போது, இது ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்ட முடிவு என்றார். அத்தோடு சரி.

நாம் என்ன செய்தோம்? ஒரு நாள் மண்டியை அடைத்துப் பார்த்தோம். பிறகு ஆரணி ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள். 25 கிலோவுக்கு மேல் என்றால் வரி இல்லை அல்லவா! ஒரு கிலோ கூட்டிப் போட்டு வரியைத் தாண்டிக் குதிப்பது சாமர்த்தியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து கிலோ, ஐந்து கிலோ பை வாங்குகிற ஷூ கம்பெனிப் பெண் தொழிலாளிக்கு அந்தச் சாமர்த்தியம் உதவவில்லை. மொத்தமாக வாங்க முடிந்தவனுக்கு வரி இல்லை, கொஞ்சமாக வாங்குகிறவனுக்கு வரி உண்டு. இந்தக் கோணலைச் சபையில் எழுந்து கேட்க வைத்திருக்க வேண்டியது நம் வேலை. நாம் செய்யவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சபையில் ஒரு நாள்

நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் நாற்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன். வரியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அந்த 2022-க்குப் பிறகு வந்தது. இப்போது கூட்டத் தொடர் நடக்கும் நாட்களில் பகல் வியாபாரம் மந்தமாக இருந்தால் சன்சத் டி.வி. போட்டுப் பார்க்கிறேன். பேரன் செல்போனில் அன்றைய அலுவல் பட்டியலை எடுத்துக் கொடுக்கிறான். பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மக்களவை பகல் 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். குறியில்லாத கேள்விகள் 230. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். ஒரு மணி நேரத்தில் இருபதும் முடிவதில்லை, ஐந்தாறு கேள்வி நடந்தால் பெரிது. மற்றவற்றின் பதிலும் எழுத்தில் வந்துவிடும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். கேள்வியை 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

12 மணிக்கு ஆவணங்களைச் சபையின் மேஜையில் வைப்பார்கள். அமைச்சர் ஒருவர் எழுந்து, பட்டியலில் என் பெயருக்கு நேரே உள்ள ஆவணங்களை வைக்கிறேன் என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது ஒரு சடங்காகத் தோன்றும். நமக்கு அதுதான் முக்கியமான நிமிடம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் அரசு போடும் விதிகளும் அறிவிக்கைகளும் இரு சபைகளின் முன்பும் 30 நாள் வைக்கப்பட வேண்டும். அந்தக் காலத்துக்குள் இரு சபைகளும் இசைந்தால் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். நம் தலையில் விழுகிற ஒவ்வொரு அறிவிக்கையும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் அங்கே அதைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை.

அதன் பிறகு பூஜ்ய நேரம். அன்று காலை 10 மணிக்குள் எழுதிக் கொடுத்த அவசரப் பிரச்சனைகளை உறுப்பினர்கள் இரண்டொரு நிமிடத்தில் சொல்வார்கள். ரயில் நிற்கவில்லை, ஏரி உடைந்தது, தோல் தொழிற்சாலைக் கழிவு என்று நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதிகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிற்பகலில் மசோதாக்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. மாலை 6 மணிக்குக் கடை மூடுவது போல மூடிவிடுவார்கள்.

இந்தச் சாதாரண அன்றாட அலுவல் ஒழுங்காக நடந்தால் நமக்கு லாபம். அது கெட்டால் நஷ்டம் அவர்களுக்கு அல்ல, நமக்கு.

விவாதமில்லாமல் வந்த கெடு

நஷ்டம் எப்படி என்று என் கதையையே சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் என் ஆடிட்டர் கூப்பிட்டு, அப்பளக்காரருக்கும் ஊறுகாய்க்காரருக்கும் எவ்வளவு பாக்கி என்று கேட்டார். சொன்னேன். "மார்ச் 31-க்குள் கெடு தாண்டினதை எல்லாம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தொகையை இந்த வருடச் செலவாக எடுக்க முடியாது, உங்கள் வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வேண்டும்" என்றார். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்து மூல ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டுமாம். வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த புதிய உட்பிரிவு. நம் தொழிலில் எழுத்து ஒப்பந்தம் ஏது? வாய் வார்த்தையும் சிட்டையும்தான்.

சிறு உற்பத்தியாளருக்குப் பணம் சீக்கிரம் போக வேண்டும் என்பது நல்ல எண்ணம். அதை நான் குறை சொல்லவில்லை. அப்பளம் போடுகிறவர்கள் நம்மைவிடச் சிறியவர்கள். ஆனால் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் மொத்த, சில்லரை வியாபாரிகளையும் குறு, சிறு நிறுவனப் பட்டியலில் சேர்த்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சேர்க்கை வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வியாபாரிக்குக் கிடையாது. ஆக, நாம் கொடுக்க வேண்டிய பணத்துக்குக் கெடு உண்டு, நமக்கு வரவேண்டிய பணத்துக்குக் கெடு இல்லை. கிராமத்துக் கடைக்காரர் அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்கிறார். கம்பெனிச் சம்பளம் தள்ளிப் போனால் அவர் கடைக்கு வரவேண்டியதும் தள்ளிப் போகிறது. நடுவில் நிற்கிற மொத்த வியாபாரி இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளம்.

இந்த உட்பிரிவு எப்போது வந்தது தெரியுமா? 2023 பிப்ரவரி 1-இல் சமர்ப்பித்த நிதி மசோதாவில் இருந்தது. நாம் விழித்துக்கொண்டது ஒரு வருடம் கழித்து. இடையில் சபையில் என்ன நடந்தது? அந்தக் கூட்டத் தொடரில் எதிர்க்கட்சிகள் அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு கேட்டுக் கூச்சல், ஆளும் கட்சி ராகுல் காந்தி லண்டன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுக் கூச்சல். மார்ச் 23-இல் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் கில்லட்டின் முறையில் விவாதமின்றி ஒரேயடியாக நிறைவேற்றினார்கள். மறுநாள் மார்ச் 24-இல் நிதி மசோதாவும் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைய தினமே 60-க்கு மேல் திருத்தங்கள். அவற்றில் ஒன்று ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பற்றியது! 2017-இலிருந்து நாம் கேட்டுக்கொண்டிருந்த தீர்ப்பாயம். அது இல்லாததால் சின்ன அபராதத்துக்குக்கூட உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அதன் அமைப்பைப் பற்றிச் சபையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தீர்ப்பாயம் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 24-இல்தான்.

இதை ஒரு கட்சியின் குற்றமாக எழுதவில்லை. மானியக் கோரிக்கை முழுவதும் விவாதமின்றி நிறைவேறியது 2004-லும் நடந்தது, 2013-லும் நடந்தது, 2018-லும் நடந்தது. ஆண்டவர்கள் வேறு வேறு. விவசாயச் சட்டங்களை 2020 செப்டம்பரில் அமளிக்கு நடுவே நிறைவேற்றினார்கள், 2021 நவம்பர் 29-இல் சில நிமிடங்களில் ரத்தும் செய்தார்கள். போட்டபோதும் முறையான பேச்சு இல்லை, எடுத்தபோதும் இல்லை. எதிர்க்கட்சிக்குக் கூச்சலைத் தவிர வேறு வழி விடுவதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் கூச்சலில் முதலில் அடிபடுவது கேள்வி நேரம். அது போனால் அதிகாரிக்குக் கொண்டாட்டம்.

ஒரு கேள்வியின் பலம்

"எம்.பி. ஒரு கேள்வி கேட்டு என்ன ஆகிவிடும், பெரும்பான்மை உள்ளவர்கள் நினைத்ததுதானே நடக்கும்?" என்று நம் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அவருக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரி நம் சென்னைக்காரர், ஏஜென்சி வியாபாரத்தில் பேர் வாங்கிப் பிறகு அரசியலுக்குப் போனவர். மத்திய நிதியமைச்சரானார். 1957-இல் எல்.ஐ.சி. பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் போடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதைப் பற்றி மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. டிசம்பரில் பெரோஸ் காந்தி கணக்கோடு எழுந்து பேசினார். அவர் ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் ராஜினாமா செய்தார். அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த காலம் அது. அப்படியும் ஒரு கேள்வி அந்த வேலையைச் செய்தது.

நமக்கு அமைச்சர் ராஜினாமா செய்ய வேண்டாம். பதில் வந்தால் போதும். அமைச்சகம் எழுத்தில் கொடுத்த பதில் ஒன்று கையில் இருந்தால், சோதனைக்கு வரும் உத்தியோகஸ்தர் முன்னால் அதை எடுத்து வைக்கலாம்.

தோல்காரர்களைப் பாருங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஏற்றுமதியாளர்கள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் தங்கள் கோரிக்கையை எண்ணும் எழுத்துமாக டில்லிக்கு அனுப்புகிறார்கள். வெட் புளூ தோல் இறக்குமதிக்கு வரி நீங்க வேண்டும் என்று விடாமல் கேட்டு வந்தார்கள். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நீங்கியது. அவர்கள் எண்ணிக்கையில் நம்மைவிடக் குறைவு. நாம் தெருவுக்குப் பத்துக் கடை இருக்கிறோம், ஆனால் தட்டும் கதவு எது என்று தெரியாமல் இருக்கிறோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதுவும் அடுப்பங்கரைப் பக்கம் நின்று அழ வேண்டும்.

செய்யக்கூடியவை

நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நம் சங்கத்தால் முடிகிற நான்கு காரியங்கள்.

1. ஒவ்வொரு கூட்டத் தொடரின்போதும் அன்றைய அலுவல் பட்டியலையும் அமைச்சர் பதில்களையும் பார்க்க இரண்டு இளைஞர்களை நியமிக்க வேண்டும். எல்லாம் பாராளுமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நமக்குச் சம்பந்தப்பட்டதை இந்த இதழில் ஒரு பக்கம் போட வேண்டும்.

2. பட்ஜெட் வந்த பத்து நாளுக்குள் ஓர் ஆடிட்டரை வைத்து நிதி மசோதாவில் வியாபாரிகளைத் தொடும் பிரிவுகளை மட்டும் படித்துக் கேட்க வேண்டும். பட்ஜெட் அன்று எது விலை ஏறும், எது இறங்கும் என்று டி.வி. பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். நம்மைக் கடிப்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கிறது.

3. எம்.பி.யிடம் வெறும் கோரிக்கை மனுவும் சால்வையும் கொண்டுபோகாமல், கேள்வியையே எழுதிக் கொண்டுபோக வேண்டும். திமிரி அரக்கோணம் தொகுதியில் இருக்கிறது. பக்கத்தில் வேலூர் தொகுதி. இரண்டு உறுப்பினர்களுக்கும் 15 நாள் கெடுவுக்கு முன்பாகவே கொடுத்தால், ஒன்றாவது எழுத்துப் பதிலுக்குத் தேறும். முதல் கேள்வியை நானே எழுதித் தருகிறேன்: தாமதப் பணப் பாதுகாப்பிலிருந்து மொத்த, சில்லரை வியாபாரிகளை விலக்கி வைத்ததற்குக் காரணம் என்ன? அதை மாற்றும் உத்தேசம் அரசுக்கு உண்டா?

4. நான்கு ஊர்ச் சங்கங்கள் கையெழுத்திட்டு, ஓர் உறுப்பினர் மூலம் மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு மனு கொடுக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எதிர்காலத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் ஒன்று கேளுங்கள். "எங்கள் கடைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லாம் செய்வேன் என்பார்கள். "போன ஐந்து வருடத்தில் வியாபாரிகளுக்காக எத்தனை கேள்வி கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். உறுப்பினர் வாரியாக அந்தக் கணக்கு அதே இணையதளத்தில் இருக்கிறது. நாம் பேரேட்டைப் புரட்டுவது போலப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். போக வேண்டியதுதான், ஒற்றுமைக்கு அது வேண்டும். ஆனால் வருடத்தில் ஒரு நாள் கடையை மூடுவதோடு நில்லாமல், சபை நடக்கும் நாளில் பதினோரு மணிக்கு ஒரு கண்ணை அந்தப் பக்கமும் வைப்போம். நம் பெயரில் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதும்போதே பார்ப்பதுதான் வியாபாரிக்கு அழகு.

— ஒரு மளிகை மொத்த வியாபாரி, திமிரி