கிடை மறிக்க மாடு வேண்டும், மாடு நிற்க இடம் வேண்டும்

தாமிரபரணிப் பாசனம் என்றால் அணைக்கட்டையும் கால்வாயையும் பேசுகிறோம், மாட்டைப் பேசுவதில்லை. அதே ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டியெடுத்த வெண்கலப் பொருள்களிலேயே எருமை உருவங்கள் உண்டு. ஆற்றுக்கும் மாட்டுக்கும் அவ்வளவு பழைய உறவு. பிசான நெல் அறுவடை முடிந்ததும் கோனார்கள் மந்தையை வயலுக்கு ஓட்டி வருவார்கள். பகலில் அரிதாள் மேயும் மாடுகளை இரவில் ஒரு வயலில் மறிப்பார்கள்; இதுதான் கிடை. மறுநாள் இரவு அடுத்த வயல். சாணமும் கோமியமும் விழுந்த ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் சத்துப் போய்விடும். கிடைக்கூலி நெல்லாகவோ பணமாகவோ கிடைக்கும். வண்டல் மண்ணுக்கு இதைவிட மலிவான உரம் வாய்த்ததில்லை. ஆனால் வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் அந்த மந்தை எங்கே மேயும்? மலையடிவாரத்திலும் ஊர்ப் புறம்போக்கிலும்தான். யூரியா வந்ததால் கிடை அழிந்தது என்பது பாதி உண்மை. மேய்ச்சல் நிலம் போனது மீதிப் பாதி.

1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காட்டு மேய்ச்சலை அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அம்பாசமுத்திரம், களக்காடு மாடுகளுக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை; அவற்றின் மலையே காப்பகம்தான். கோமாரி நோய் காட்டெருமைக்குப் பரவும், மரக்கன்றுகள் மிதிபடும் என்று வனத்துறை சொல்வது நியாயமான அச்சம். புலி வாழும் நடுக்காட்டில் மாடு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் காட்டை அடைத்தபோது சமவெளியைத் திறந்திருக்க வேண்டும். அங்கோ மேய்ச்சல் புறம்போக்கு மனையாகிவிட்டது, கட்டடமாகிவிட்டது, வேலிக்கருவை மூடிவிட்டது. ஊர்ப் பொது நிலத்தின் ஆக்கிரமிப்பை அகற்றிக் கிராமத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. 2006 வன உரிமைச் சட்டமும் மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது.

கலப்பினப் பசு கறக்கும் பாலில் கால்வாசிகூடக் கிடைமாடு தராதே என்பார்கள். தராது. பாலுக்காக இதை யாரும் வளர்க்கவும் இல்லை. கலப்பினப் பசுவுக்குத் தீவனம் வாங்க வேண்டும். கிடைமாடு நடந்து மேய்ந்து வயலுக்கு உரம் கொடுத்துவிட்டுப் போகிறது. இரண்டையும் ஒரே படியால் அளப்பது சரியல்ல. உங்கள் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டில் இருக்கிறது. மே 1 கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.