ஆற்றுவழிப் பிரயாணமும் முன்யோசனையும்

வேம்பார் முதலிய கடற்றுறைகளிற் பிறந்த வாலிபருக்கு நீர் அச்சந் தருவதன்று. ஆதலால், பொதிகை மலையேறி, தாமிரபருணி பிறக்குமிடத்தைக் கண்டு, அந்நதியோடே காடும் கழனியும் கடந்து புன்னைக்காயலிற் கடல் சேரவேண்டுமென்னும் ஆசை அவருள் எழுவது இயல்பே. இதனைக் கேட்டவுடன் பெரியோர் சிலர், "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் விலக்கிவிடுகின்றனர். வாலிபர் சிலரோ ஒருவருக்குஞ் சொல்லாமலே புறப்பட்டு விடுகின்றனர். இவ்விரண்டும் தவறென்பது எமது துணிபு. விலக்கப்பட்ட ஆசை மறைவில் வளரும். மறைவில் வளரும் ஆசைக்கு ஏற்பாடு இராது.

ஏற்பாடு குன்றிய துணிவு யாது விளைக்குமென்பதற்கு ஒரு திருஷ்டாந்தங் கூறுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 1914-ம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், பிரேசில் தேசத்து மேட்டுநிலத்தினின்று அமேசான் கானகத்துக்குள் ஓடும் ஓர் ஆற்றில் இறங்கினார். அது எங்குச் சென்று முடியுமென்று அப்போது எவரும் அறியார். வேறொரு வழிக்கென்று சேகரித்த சாமான்களுடன் அவர் சென்றிருந்தார். கொண்டுசென்ற படகுகள் இடைவழியிலேயே கைவிடப்பட்டன, மரங்குடைந்த கனத்த ஓடங்கள் பல பாறைகளில் மோதி அழிந்தன, உணவு குறைந்தது. உடன்சென்றோருள் மூவர் திரும்பவில்லை. கால்காயமும் ஜுரமும் வருத்த, தம்மை அங்கேயே விட்டுச் செல்லும்படி ரூஸ்வெல்ட் வேண்டுமளவிற்கு நிலைமை முற்றிற்று. அவரிடம் துணிவு குறைவென்று எவரும் சொல்லார்.

இதற்கு மாறாக, நமது கரையில் 1961-ம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பை நினைமின். முதலில் பார்களைச் சோதிப்பர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தின் மதிப்பைக் கணிப்பர். கடல் அடங்கிய மாதங்களையே தேர்வர். மூழ்குவோனது கயிற்றைப் பிடிக்க மைத்துனனே படகில் நிற்பது மரபென்பர். தங்கை விதவையாகாதபடி அவன் விழித்திருப்பானன்றோ!

தாமிரபருணிப் பிரயாணத்துக்கும் இம்முறையே தக்கது. முதலாவது, இடத்தைச் சோதித்தறிதல். நதியின் மேற்பகுதி, 1988-ம் ஆண்டில் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் உள்ளது. வனத்துறையின் அனுமதி கிடையாவிடில் அப்பகுதியை விட்டுவிடுதலே கடமை. அருவிகளும், காரையாறு அணையும், கீழே பல அணைக்கட்டுகளும் இருத்தலால், மலைமுதல் கடல்வரை படகிற் செல்லுதல் இயலாது; பெரும்பாலும் கரைவழி நடையே ஆகும். இரண்டாவது, காலம். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், ஆறு கரைபுரண்டதையும் யார் மறப்பார்? மழைக்காலத்தில் ஆற்றங்கரையிற் கூடாரமிடுதல் வீரமாகாது. மூன்றாவது, கயிறு பிடிப்போன். எந்த நாள் எந்த ஊரில் தங்குவரென்பதை அறிந்து, செய்தி வராவிடில் உடனே தேடப் புறப்படுவோன் ஒருவன் ஊரில் இருத்தல் வேண்டும். "திரும்புவோம்" என்று தலைவன் சொன்னால், மறுசொல்லின்றி எல்லோருந் திரும்புதல் வேண்டும்.

அவலும் வேம்பார்க் கருப்பட்டியும் மூட்டைகட்டுதல் எளிது. இவற்றை எழுதிவைத்தலே அரிது. ஆகையால், செல்ல விரும்பும் மாணவர் தம் ஏற்பாட்டைக் காகிதத்தில் எழுதி, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டுவாராக. அவர்களும் அதனை முழுதும் வாசித்து, குறைகளைத் திருத்தியபின், மனமுவந்து விடைகொடுப்பாராக.